மரமில்லாத மலையில் ஒரு கார்த்திகை

வேலூரைப் பற்றி ஊருக்குள்ளேயே ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை. பட்டியலில் இன்னும் ஒன்றிரண்டு இருக்கின்றன. அவற்றை எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. இதில் சாமி, 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்து ஜலகண்டேஸ்வரராக அமர்ந்துவிட்டார். ஆற்றுக்கு 2021 நவம்பரில் ரோஷம் வந்தது. பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை நானும் கூட்டத்தோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தேன். ராஜாவும் இல்லாமல் போகவில்லை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கைதியாக இங்கே கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேதான் இறந்தான். ஆக, பழி இன்னும் நீங்காமல் நிற்பது மலைமேல் மட்டும்தான்.

அந்தப் பழியை நானும் ஐம்பது வயது வரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். என் மகளின் பள்ளியில் மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தார்கள். திரும்பி வந்தவள் சிற்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்கரைப் பாறைகளில் அலை வடிந்த குழிகள், அவற்றுக்குள் ஓடிய நண்டுகள், பாறையோடு ஒட்டிக்கொண்டு பிடுங்க வராத சிப்பிகள், இதே பேச்சு. "நம் ஊரில் ஏன் அப்பா பாறைக் குழி இல்லை?" என்று கேட்டாள். கடல் இல்லையே என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் சின்ன வயதில் பொன்னை ஆற்றுப் பக்கம் என் அத்தை ஊரில் ஒரு பாறைக் குன்றின் மேல் சுனை பார்த்தது எப்படியோ நினைவுக்கு வந்துவிட்டது.

எந்தக் குன்று என்று இங்கே சொல்லப் போவதில்லை. காரணம் பிறகு வரும். காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலைக்குப் போகும் வழியில் அப்படிப்பட்ட குன்றுகள் பல இருக்கின்றன என்பது மட்டும் போதும். வள்ளி தினைப்புனம் காத்த இடம் அதுதான் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. காப்புக்காட்டு எல்லைக்குள் வரும் மலை என்றால் வனச்சரக அலுவலகத்தில் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. நாங்கள் போவது ஊர்ப் புறம்போக்கில் நிற்கும் ஒரு குன்று. அதற்கும் முதல் நாள் ஊரில் ஒரு பெரியவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினோம். சொல்லாமல் ஏறினால், கல் குவாரிக்கு அளவெடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள். அவர்கள் சந்தேகப்படுவதில் தவறே இல்லை.

போக வேண்டிய காலம் ஐப்பசி பாதியிலிருந்து கார்த்திகை கடைசி வரை. சித்திரையில் அதே பாறையில் தோசை சுடலாம். வடகிழக்குப் பருவமழை நாலைந்து முறை நன்றாக நனைத்துவிட்டு இரண்டு நாள் வெறித்துவிட்டிருக்க வேண்டும். அந்த இடைவெளியில் காலை ஆறரைக்குக் குன்றின் அடியில் நிற்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும். பத்தரைக்கு மேல் மனிதனும் அடங்கிவிடுவான்.

முதல் முறை போனபோது நான் ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். பாறையின் சரிவில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் தார் வழிந்ததுபோல இருக்கும். கோடையில் அதன்மேல் நடந்தால் சொரசொரவென்று நல்ல பிடிப்பாகத்தான் இருக்கும். அந்த நினைப்பில் கால் வைத்தேன். அடுத்த கணம் ஏழெட்டு அடி கீழே உட்கார்ந்திருந்தேன். முழங்கையில் தோல் உரிந்து, செல்போனின் கண்ணாடியில் சிலந்தி வலை. மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருவர் ஓடியெல்லாம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "கறுப்புக் கோட்டில் எவனாவது கால் வைப்பானா, நைனா?" என்றார்.

அந்தக் கறுப்பு, கல்லின் நிறம் அல்ல. மழைநீர் வழியும் தடத்தில் படிந்து வாழும் நீலப்பச்சைப் பாசி. வெயிலில் காய்ந்து கரித்தூள்போல ஒட்டிக்கிடக்கும், நனைந்ததும் உயிர்பெற்று வழுக்கும். இப்போது எங்களுக்கு அதுவே வழிகாட்டி. கறுப்புப் பட்டை எங்கே போய் முடிகிறதோ அங்கே ஒரு குழியோ ஈரமான இடுக்கோ இருக்கும். பார்க்க வேண்டியது முக்கால்வாசி அங்கேதான் இருக்கும். பட்டையை ஒட்டி வெளுத்த கல்லின்மேல் நடக்க வேண்டும், பட்டையின்மேல் அல்ல. பழைய கேன்வாஸ் ஷூ போதும்.

இன்னொரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை செய்கிறேன். நாலு வண்ணங்களும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கின்றனவா, எங்கள் பாஷையில் 'பதிவு' பிசகாமல் இருக்கிறதா என்று புள்ளிகளைப் பார்க்க, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். அச்சகத்தில் அதன் வேலை குற்றம் கண்டுபிடிப்பது. மலையில் அதே லென்ஸுக்கு வேறு குணம் வந்துவிட்டது. பைனாகுலர் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை: முதலில் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு லென்ஸ் வாங்குங்கள். பறவை பறந்துவிடும், பாறைக் குழி எங்கேயும் போகாது.

குழிக்கு வருகிறேன். குன்றின் உச்சிக்குச் சற்றுக் கீழே, கல்யாண வீட்டு அண்டா அளவில் ஒன்று, சோற்றுத் தட்டு அளவில் ஏழெட்டு. பெரியதைத்தான் ஊரில் சுனை என்கிறார்கள். அதில் தவளைக் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் இருந்தன. மகள் அதில் மயங்கி நின்றாள். நான் தட்டுக் குழிகளில் ஒன்றன் ஓரம், முழங்கைக் காயத்தை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு விரல் ஆழம்கூட இல்லை. அடியில் கொஞ்சம் வண்டல். ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றியது. ஐந்து நிமிடம் கழித்து வண்டலின்மேல் ஒரு நிழல் நகர்ந்தது. நிழலுக்குரிய உடலைக் காணவில்லை. கண்ணைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது: கண்ணாடியால் செய்ததுபோல, நகக்கண் நீளத்தில், இறாலுக்குச் சிற்றப்பன் மகன் மாதிரி ஒரு பிராணி. மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தது. தலைகீழாக அல்ல, நாம் கட்டிலில் படுப்பதுபோல வயிறு வானத்தைப் பார்க்க. வயிற்றின்மேல் பதினொரு ஜோடிக் கால்கள், நெல் வயலில் காற்று அடிப்பதுபோல ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அலை அலையாகச் சாய்ந்து நிமிர்ந்தன. காம்பின் நுனியில் இரண்டு கறுப்புக் கண்கள். வாலின் நுனியில் மட்டும் யாரோ செங்காவி தொட்டு வைத்தாற்போல ஒரு சிவப்பு. ஒன்றைக் கண்ட பிறகு இருபது தெரிந்தன. சிலவற்றுக்குக் கால்களை அடுத்து, வால் தொடங்கும் இடத்தில் முட்டைப் பை இருந்தது.

மீன் இல்லாத இடத்தில்தான் இவை பிழைக்க முடியும். மழைக்குழி சில வாரங்களில் வற்றிவிடும். எனவே மீன் வராது, ஆனால் இவையும் அந்தச் சில வாரங்களுக்குள் பிறந்து வளர்ந்து முட்டையிட்டு முடித்துவிட வேண்டும். முட்டைகள் காய்ந்த வண்டலோடு தூசியாகக் கிடக்கும். வருடக்கணக்கில் வெயிலில் வெந்தாலும் உயிர் போகாது. அடுத்த மழையில் மீண்டும் பொரியும். கடற்கரைப் பாறைக் குழிக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் வந்து போகிறது. எங்கள் ஊர்க் குழிக்கு வருடத்தில் ஒரு பருவம்தான் கடல். மகளைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தேன். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை.

தவறும் அன்றைக்கே செய்தோம். மூன்று பிராணிகளைத் தண்ணீர் பாட்டிலில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். மாலைக்குள் மூன்றும் அடியில் கிடந்தன. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். மகள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு குழியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. கையில் கொசு மருந்துக் களிம்பு தடவியிருந்தால் விரலைக்கூட முக்குவதில்லை. தட்டு அளவுத் தண்ணீரில் ஒரு விரல் களிம்பு என்பது, ஏரியில் ஒரு லாரி விஷம் கவிழ்த்த கணக்கு.

அதே குழிகளுக்குமேல் தும்பிகள் வட்டமிடும். மழைக்கு முன்னும் பின்னும் கூட்டமாகத் திரியும் மஞ்சள் தட்டான்கள்தான். தெருவில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பாவத்தை என் வயதுக்காரர்கள் எல்லோரும் செய்திருப்போம். இந்த இனம் அக்டோபர், நவம்பரில் காற்றோடு சேர்ந்து மாலத்தீவு வழியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்காவரை போகிறது என்று, மாலத்தீவில் இருந்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். கடல் இல்லாத ஊரின் சோற்றுத் தட்டுக் குழியில் வால் நனைத்து முட்டையிட்டுவிட்டு, கடல் தாண்டுகிற கூட்டத்தோடு சேரப் போகும் பூச்சி! மகளிடம் இதைச் சொன்னபோது, மாமல்லபுரத்துக்குப் போன பஸ்ஸில் தனக்கு வாந்தி வந்ததை நினைவுபடுத்தினாள்.

ஆயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அடுத்தடுத்த வாரங்களில் அவர் எங்களைக் கண்டால் ஆடுகளை அந்தப் பக்கமே ஓட்டிக்கொண்டு வருவார். உசிலை மரத்தைக் காட்டி, "இதன் இலையை அரைத்தால்தான் அரப்பு, கடையில் பொட்டலத்தில் விளைவதில்லை" என்று மகளிடம் சொல்வார். விராலி, சூரை, களா, சதுரக்கள்ளி என்று ஒவ்வொன்றையும் காட்டி, ஆடு தின்னும், தின்னாது என்று இரண்டே வகையாகப் பிரிப்பார். தாவரவியலில் இதைவிடப் பயனுள்ள வகைப்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. சரிவெங்கும் மண்டிக் கிடந்த சீத்தாவைச் சொந்த ஊர்ச் செடி என்றே நானும் நினைத்திருந்தேன். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, சப்பாத்திக்கள்ளியும் அப்படியே. ஆயாவிடம் சொன்னேன். "வந்து எத்தனை வருடம் ஆனால் என்ன, ஆட்டுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்" என்றார்.

கார்த்திகை இரண்டாம் வாரம் புதருக்குள் செங்காந்தள் பூத்திருந்தது. தமிழ்நாட்டின் மாநில மலர் என்று எல்லோருக்கும் தெரியும். செடியில் பார்த்தவர்கள் எத்தனை பேரோ. இலையைப் பாருங்கள். நுனி பாகற்கொடிச் சுருள்போலச் சுருண்டு, பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டிருக்கும். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையே கை. பூவோ தலைகவிழ்ந்து தொங்கும். இதழ்கள் ஆறும் பின்னோக்கி மேலே எரிவதுபோல நிமிர்ந்து நிற்கும். பச்சையாகத் தொடங்கி மஞ்சளாகி, சிவப்பு நுனியிலிருந்து அடிக்கு இறங்கும். ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூ இருந்தது. நான் லென்ஸை எடுத்ததும் ஆயா கையை உதறினார். "கண்ணுவலிப் பூ அது, உற்றுப் பார்க்காதே." நான் உற்றுப் பார்த்தேன். நாலாம் நாள் எனக்குக் கண்வலி வந்துவிட்டது. மெட்ராஸ் ஐ ஊரெல்லாம் சுற்றும் மழைக்காலமும் இந்தப் பூ பூக்கும் காலமும் ஒன்றுதான். பூவின்மேல் பழி விழுந்தது இப்படித்தான் என்பது என் ஊகம். ஆயாவிடம் அந்த ஊகம் செல்லுபடியாகவில்லை, ஏனென்றால் என் கண் சிவந்திருந்தது.

ஆனால் செடியைத் தொடாதே என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும். கிழங்கு முதல் விதை வரை கொடிய விஷம், அதிலும் கிழங்கு. அந்தக் கிழங்குக்கும் விதைக்கும் மருந்துச் சந்தையில் விலை இருக்கிறது. போன வருடம் நாங்கள் பார்த்து வைத்திருந்த புதர் இருந்த இடத்தில் முழங்கால் ஆழக் குழி இருந்தது. குன்றின் பெயரை எழுதாததற்கு இதுதான் காரணம். நீங்களும் படம் எடுத்துப் போடுவதாக இருந்தால், செல்போன் படத்தோடு இடக் குறிப்பும் போகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் பதிவின் இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது.

குன்றின் மேற்குச் சரிவில் கிலுகிலுப்பைச் செடிகள். காய் முற்றிக் காய்ந்ததும் உள்ளே விதை உருண்டு சலங்கை ஒலிக்கும். அவற்றில் ஒடிந்து வாடிய ஒரு கிளையில் அறுபதுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்ததைக் கண்டோம். நீலப்புலி, கருநீலப்புலி. பூவே இல்லாத காய்ந்த கிளை! பக்கத்தில் தும்பை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்க, அதைச் சீந்தவில்லை. லென்ஸோடு குனிந்தபோதும் அவை பறக்கவில்லை. காலால் வாடிய இலையைப் பிறாண்டி, கசிந்த சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அந்தச் சாற்றில் இருக்கும் கசப்புப் பொருள்தான் ஆண் பூச்சிகளுக்கு வாசனையாக மாறிப் பெண் பூச்சிகளை ஈர்க்கிறது, தின்ன வரும் பறவைக்குக் கசந்தும் தொலைக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கு இந்தப் புலிகள் கூட்டமாகப் போகும் பருவம் இது. கிளைக்குக் கீழே உதிர்ந்து கிடந்த ஒரு இறக்கைத் துண்டை எடுத்து லென்ஸின் அடியில் வைத்தேன். ஓடு வேய்ந்த கூரைபோல வரிசை வரிசையாகச் செதில்கள், ஒவ்வொன்றும் ஒரே நிறம். சேர்ந்தால்தான் படம். முப்பது வருடமாக நான் அச்சுத் தாளில் பார்த்துவரும் புள்ளிகள். பதிவு பிசகவே இல்லை.

பறவைகளில் எனக்குக் கைவரிசை போதாது. மஞ்சள் தொண்டைச் சின்னானைச் சொல்ல ஆசை. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளின் புதர்க்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. பாறை இடுக்கில் வேர்விட்ட இச்சி மரத்தில் பழம் இருக்கும்போது குரல் கேட்டோம். நாலு காலைகள் காத்திருந்து மொத்தம் மூன்று விநாடி பார்த்திருப்பேன். கொம்பன் ஆந்தையை நாங்கள் பார்க்கவே இல்லை. பாறைத் திட்டில் சுண்ணாம்பு அடித்ததுபோல எச்சம் வழிந்திருந்தது. கீழே அது கக்கிய உருண்டைகள். ஒன்றைத் தாளில் வைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடு, மஞ்சள் பல்லோடு முழுசாக. அந்தத் திட்டுக்கு மேலே ஏறிப் பார்க்க மகள் துடித்தாள். விடவில்லை. கார்த்திகைக்குப் பிறகு அது கூடு கட்டாமல் வெறும் கல்லிலேயே முட்டையிடும் காலம். நாம் போய் அதை விரட்டினால் முட்டை வெயிலில் கிடக்கும்.

விரியனைப் பற்றி விளையாட்டில்லாமல் சொல்கிறேன். வட ஆற்காட்டுப் பாறைக் காட்டில் சுருட்டை விரியன் உண்டு. ஒரு முழம்தான் இருக்கும், காய்ந்த இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. உடலை வளைத்துச் செதிலோடு செதிலை உரசும்போது, சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம் வரும். எங்களுக்கு ஒரே ஒரு முறை அந்தச் சத்தம் கேட்டது. நின்றோம், பார்த்தோம், வந்த வழியே பின்வாங்கினோம். கல்லைப் புரட்டுவதில்லை, இடுக்கில் கை விடுவதில்லை, ஏறும்போது கண் பார்க்காத இடத்தைக் கை பிடிப்பதில்லை. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்து இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போய்விட வேண்டும். மலைத்தேனீக் கூடு தொங்கும் பாறைப் பக்கம் சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஒரு முறை, வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம் என்று போனோம். சுனையே பாளம் பாளமாக வெடித்திருந்தது. தட்டுக் குழியில் வெறும் தூசி. ஒன்றையும் எடுப்பதில்லை என்ற விதியை மகள் அன்று ஒரு தேக்கரண்டி அளவுக்குத் தளர்த்தினாள். தூசியைக் காகிதப் பொட்டலத்தில் மடித்து, மேலே தேதி எழுதி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். சித்திரை கடைசியில் ஒரு கோடைமழை கொட்டியபோது, வடகத்துக்கு மாவு கரைக்கும் அகலப் பேசினை மொட்டைமாடியில் வைத்து மழைநீர் பிடித்து, அதில் பொட்டலத்தைக் கொட்டினாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை நான் அச்சகத்துக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் லென்ஸ் இல்லை. மாடிக்குப் போனால், மகளும் அவள் அம்மாவும் பேசினுக்கு இரு பக்கமும் குப்புறப் படுத்திருந்தார்கள். தண்ணீரில் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் துள்ளித் துள்ளி நகர்ந்துகொண்டிருந்தன.

அந்த வருடம் வடக மாவைக் குக்கரில் கரைத்தோம்.